மூக்குல கஞ்சி, வயித்துல சுருக்குப்பை

திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் போற ரோட்டுல, விக்கிரவாண்டி தாண்டினதும் ஒரு வாசனை வரும். சீசன்ல போனீங்கன்னா கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடலாம், முண்டியம்பாக்கம் வந்தாச்சுன்னு. கரும்பு ஆலை வாசனை. எங்க பெரியப்பா முப்பது வருஷம் அந்த ஆலைக்குக் கரும்பு அடிச்சவரு. மொதல்ல மாட்டு வண்டியில, அப்புறம் டிராக்டர்ல. ஆலைக்கு வெளிய ராத்திரி பூரா லைன்ல நிக்கும்போது தூக்கம் வராம இருக்க வெத்தலை, பாக்கு, பொயிலை. அந்தப் பொயிலைதான் கடைசில கணக்கு கேட்டு வந்துச்சுன்னு வீட்ல எல்லாரும் சொல்லுவோம்.

2014ல அவருக்கு உணவுக்குழாயில கேன்சர்னு தெரிஞ்சுது. மொதல்ல சோறு எறங்கலை. அப்புறம் இட்லி எறங்கலை. அப்புறம் காபியே எதிர்த்துக்கிட்டு வெளிய வந்துச்சு. கூட்டிக்கிட்டுப் போனது அதே முண்டியம்பாக்கத்துல இருக்குற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு. 2010ல அது தொறக்குறதுக்கு முன்னாடின்னா எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இந்த மாதிரி நோய் வந்தா பாண்டிச்சேரி ஜிப்மர், இல்ல காஞ்சிபுரம், இல்ல அடையாறுன்னு ஓடணும்.

ரொம்ப நாளா இந்தப் பதிவை எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன். பெரியப்பாவைப் பத்தி எழுதுறதா, இல்ல அவருக்குப் போட்ட குழாயைப் பத்தி எழுதுறதான்னு குழப்பம். ரெண்டையும் எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க :-)



வார்டுல மொத நாள் அவருக்கு மூக்கு வழியா ஒரு குழாய் போட்டாங்க. பெரியப்பா கேட்ட மொத கேள்வி, "இன்னாடா இது? வாய் இருக்கச் சொல்ல மூக்குல ஊத்துறாங்க?"

அந்தக் குழாய்க்கு ரைல்ஸ் டியூப்னு பேரு. வார்டுல பாதிப் பேரு "ரைஸ் டியூப்"னுதான் சொன்னாங்க. பெரியம்மா கடைசி வரைக்கும் அது சோத்துக் கஞ்சி ஊத்துறதால வந்த பேருன்னே நம்புனாங்க. நானும் திருத்தலை. யோசிச்சுப் பாத்தா, அவங்க சொன்ன பேரு ஒண்ணும் மோசம் இல்ல.

ரைல்ங்கிறது ஒரு ஆளு. ஜான் ஆல்ஃப்ரெட் ரைல், லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர். 1921ல அவர் இந்த மெல்லிசு ரப்பர் குழாயைக் கொண்டு வந்தாரு. ஆனா சோறு ஊத்துறதுக்கு இல்ல! வயித்துல அமிலம் எவ்ளோ சுரக்குதுன்னு பாக்குறதுக்கு. நோயாளிக்கு வாய் வழியா ஓட்ஸ் கஞ்சி குடுப்பாங்க. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி எடுத்து சோதிப்பாங்க. அதாவது கஞ்சி வாயில போயி குழாயில வெளிய வரும். முண்டியம்பாக்கத்துல அதுக்குத் தலைகீழ்.

வேடிக்கை என்னன்னா, அதே 1921ல அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல ஆப்ரஹாம் லெவின்னு ஒரு டாக்டரும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு மூக்குக் குழாயைக் கொண்டு வந்தாரு. அதனால அமெரிக்காவுல அது லெவின் டியூப். வெள்ளைக்காரன் ஆண்ட நம்ம ஊர்ல ரைல்ஸ் டியூப். குழாய்ல கூட அரசியல் :-)

இவங்களுக்கு முன்னாடியே வயித்துக்குக் குழாய் விட்டவங்க உண்டு. 1790ல ஜான் ஹன்டர்ங்கிற லண்டன் சர்ஜன், முழுங்க முடியாத ஒரு நோயாளிக்கு விலாங்கு மீன் தோலை திமிங்கல எலும்புக் குச்சி மேல போத்தி, அதையே குழாயா தொண்டை வழியா விட்டு ஆகாரம் குடுத்தாரு. பிளாஸ்டிக் இல்லாத காலம், ரப்பரும் சரியா வராத காலம். கையில கெடைச்சது விலாங்கு.

அதுவும் இல்லாதப்ப என்ன பண்ணுவாங்க? ஆசனவாய் வழியா ஆகாரம். சிரிக்காதீங்க. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை 1881 ஜூலை 2ல சுட்டாங்க. செப்டம்பர் 19 வரைக்கும் உயிரோட இருந்தாரு. அந்தக் கடைசி வாரங்கள்ல வயிறு எதையும் ஏத்துக்காம, மாட்டுக்கறிச் சாறு, முட்டையெல்லாம் எனிமா மாதிரி குடுத்தாங்க. பெருங்குடல் தண்ணியையும் உப்பையும் உறிஞ்சும், சாப்பாட்டை அவ்வளவா உறிஞ்சாது. ஆளு எலும்பும் தோலுமா ஆகித்தான் செத்தாரு. ஒரு நாட்டோட ஜனாதிபதிக்கே அன்னைக்கு அவ்ளோதான் வழி.



நாலஞ்சு வாரம் போச்சு. மூக்குக் குழாய் பெரியப்பாவுக்கு ஒத்துக்கலை. மூக்கு ஓரம் புண்ணு, தொண்டை எரிச்சல், ராத்திரி தூக்கத்துல அவரே ரெண்டு தடவை புடுங்கிப் போட்டுட்டாரு. மறுபடி போடும்போது அவர் கண்ணுல தண்ணி ஓடுனதை என்னால பாக்க முடியல. அப்பதான் டாக்டர் கூப்பிட்டு, வயித்துலயே ஓட்டை போட்டு குழாய் வெச்சிடலாம்னு சொன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வயித்துல ஓட்டையா?

அந்த ஓட்டைக்கு ஒரு கதை இருக்கு. 1822 ஜூன் 6, அமெரிக்காவுல மேக்கினாக்னு ஒரு தீவு. அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின்னு ஒரு இளவட்டம், தோல் வியாபாரக் கம்பெனில படகு தள்ளுற கூலி. பக்கத்துல யாரோட துப்பாக்கியோ தவறி வெடிச்சு, அவன் எடது பக்கத்துல பெரிய பொத்தல். ராணுவ டாக்டர் வில்லியம் பூமான்ட் வைத்தியம் பாத்தாரு. பையன் பொழைக்க மாட்டான்னு நெனச்சாங்க, பொழைச்சுக்கிட்டான். ஆனா ஓட்டை மூடலை. வெளியேர்ந்து பாத்தா இரைப்பை உள்ள தெரியும்! பூமான்ட் கறித்துண்டை நூல்ல கட்டி உள்ள விட்டு, எவ்ளோ நேரத்துல கரையுதுன்னு பாத்தாரு. 1833ல புத்தகமே போட்டாரு. செரிமானத்தைப் பத்தி உலகம் உருப்படியா தெரிஞ்சுக்கிட்டது அந்தக் கூலிக்காரன் வயித்துலேர்ந்துதான். அந்த ஓட்டையோட அவன் கல்யாணம் பண்ணி, புள்ளைங்க பெத்து, 1880 வரைக்கும் வாழ்ந்தான்.

வயித்துல ஓட்டையோட மனுஷன் வாழ முடியும்னா, வேணும்னே ஒரு ஓட்டை போட்டா என்ன? 1837ல எகெபெர்க்னு ஒரு நார்வே டாக்டர் இந்த யோசனையைச் சொன்னாரு. 1849ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஷார்ல் செடியோ (பின்னாடி 1878ல 'மைக்ரோப்'ங்கிற வார்த்தையைக் குடுத்த அதே ஆளு) மொத தடவையா மனுஷனுக்குச் செஞ்சு பாத்தாரு. நோயாளி பொழைக்கலை. அடுத்து செஞ்சதும் பொழைக்கலை. மயக்க மருந்து 1846ல வந்துடுச்சு, ஆனா கிருமி கொல்ற முறையை லிஸ்டர் சொன்னது 1867ல. வயித்தைத் தொறந்தா சீழ் புடிச்சு சாவுதான்.

கால் நூற்றாண்டு இப்படியே போச்சு. 1875ல லண்டன்ல சிட்னி ஜோன்ஸ் செஞ்ச நோயாளி 40 நாள் இருந்தாரு. அதையே வெற்றின்னு எழுதி வெச்சாங்க. மறு வருஷம் பாரிஸ்ல வெர்னாய், காரத்தைக் குடிச்சு உணவுக்குழாய் வெந்து சுருங்கிப் போன ஒரு பையனுக்குச் செஞ்சாரு. அவன் நல்லாவே பொழைச்சான்.

40 நாளை வெற்றின்னு சொன்னாங்களேன்னு படிச்சப்ப எனக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் பெரியப்பாவோட கணக்கை நெனச்சுப் பாத்தேன். சிரிப்பு நின்னுடுச்சு.



பெரியப்பாவுக்குச் செஞ்சது ஸ்டாம் முறைன்னு அந்த டாக்டரம்மா ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காட்டுனாங்க. மார்ட்டின் ஸ்டாம், அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல ஃப்ரீமான்ட்னு ஒரு சின்ன ஊர் சர்ஜன். 1894ல சொன்ன முறை. இரைப்பையோட முன்பக்கம் வட்டமா ஒரு தையல், அதைச் சுத்தி இன்னொரு வட்டத் தையல். நடுவுல சின்னதா கீறி குழாயை உள்ள விட்டு, ரெண்டு நூலையும் இழுத்து முடிச்சுப் போட்டா இரைப்பை உள்பக்கமா மடிஞ்சு குழாயைக் கவ்விக்கும். ஒழுகாது. பின்னாடி குழாயை எடுத்துட்டா ஓட்டை தானா மூடிக்கும்.

பக்கத்துல நின்ன பெரியம்மா இடுப்புலேர்ந்து சுருக்குப்பையை எடுத்து, வாயை இழுத்துக் காட்டி, "இது மாதிரியாம்மா?" ன்னாங்க.

"அதே மாதிரிதாம்மா" ன்னாங்க டாக்டர்.

நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன ஊர் டாக்டர் யோசிச்சது, நம்ம பாட்டிங்க வெத்தலை பாக்கு வெக்கிற சுருக்குப்பை. இன்னைக்கும் அதேதான் தெச்சுக்கிட்டு இருக்காங்க.

இப்ப இதைவிட லேசான வழி ஒண்ணு இருக்கு. பெக்னு சொல்லுவாங்க. 1979 ஜூன் 12, அமெரிக்காவுல க்ளீவ்லாண்ட் குழந்தைகள் ஆஸ்பத்திரி. மைக்கேல் காடரர்ங்கிற குழந்தைகள் சர்ஜனும், ஜெஃப்ரி பான்ஸ்கிங்கிற எண்டோஸ்கோபி டாக்டரும் சேந்து, நாலரை மாசக் குழந்தைக்கு வயித்தைக் கிழிக்காமலே குழாய் வெச்சாங்க. வாய் வழியா எண்டோஸ்கோப் போகும். அதோட வெளிச்சம் வயித்துத் தோல் வழியா மின்மினி மாதிரி தெரியும். அந்த எடத்துல வெளியேர்ந்து ஊசி குத்தி நூலை உள்ள விடுவாங்க. நூலை வாய் வழியா வெளிய இழுத்து, அதுல குழாயைக் கட்டி, மறுபடி வயித்துப் பக்கமா இழுத்தா குழாய் வாய் வழியா போயி வயித்துல வந்து நிக்கும். பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரி. 1980ல இதை எழுதி வெளியிட்டாங்க. இன்னைக்கு உலகம் பூரா அதுதான்.

பெரியப்பாவுக்கு ஏன் அது இல்ல? எண்டோஸ்கோப் போகணுமே! அவர் உணவுக்குழாய் மூடியே போயிருந்துச்சு. அதனாலதான் பழைய சுருக்குப்பை.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. உணவுக்குழாய் கேன்சரை ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியும்னா, டாக்டருங்க பெரும்பாலும் இரைப்பைல குழாய் வெக்க மாட்டாங்க. ஏன்னா கெட்டுப்போன உணவுக்குழாயை வெட்டி எடுத்துட்டு, இரைப்பையைத்தான் மேல இழுத்து புது உணவுக்குழாயா தெப்பாங்க. அதனால அதைத் தொடாம, கீழ சிறுகுடல்ல குழாய் வெப்பாங்க. பக்கத்து பெட்ல ஒருத்தருக்கு அப்படித்தான் வெச்சிருந்தாங்க. அவர் பையன் "எங்கப்பாவுக்கு எஃப்ஜே, உங்களுக்கு?" ன்னு கேட்டான். "எங்களுக்கு வயித்துலயே" ன்னு நான் கொஞ்சம் பெருமையாக்கூடச் சொன்னேன்.

எங்களுக்கு யாரும் ஒளிச்சு மறைச்சுச் சொல்லலை. டாக்டர் சொல்லத்தான் செஞ்சாங்க. "ஆபரேஷன் கட்டம் தாண்டிடுச்சு, கரண்ட்டு வெச்சு அடைப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், பட்டினி இல்லாம பாத்துக்கலாம்" னு. எங்க காதுலதான் ஏறலை. குழாய் எங்க இருக்குங்கிறதுலயே பதில் இருந்துச்சு. (எல்லாருக்கும் இதே அர்த்தம்னு எடுத்துக்காதீங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கும்.)



பொம்பளைங்க வார்டுல செஞ்சிப் பக்கத்து அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. பெரியம்மாவுக்கு அவங்க சிநேகிதம் ஆயிட்டாங்க. அவங்களுக்கும் வயித்துக்குக் குழாய். ஆனா அதுல யாரும் எதுவும் ஊத்த மாட்டாங்க. கீழ ஒரு பை தொங்கும். பச்சையா, மஞ்சளா தண்ணி எறங்கிட்டே இருக்கும்.

சினைப்பைக் கேன்சர் பரவி குடலை அடைச்சுக்கிச்சு. குடல் அடைஞ்சா வயித்துல ஊறுற தண்ணி கீழ போக வழியில்லாம மேல வரும். ராத்திரி பகலா வாந்தி. குழாய் வெச்சதும் வாந்தி நின்னுடுச்சு. ஒரு குழாய் போடுறதுக்கு, இன்னொரு குழாய் எடுக்குறதுக்கு. ஓட்டை ஒண்ணுதான், வேலை வேற.

இந்த எடுக்குற குழாய்க்கும் ஒரு பெரிய மனுஷன் உண்டு. ஓவன் வாங்கன்ஸ்டீன், அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழக சர்ஜன். குடல் அடைப்புன்னா அந்தக் காலத்துல பெரும்பாலும் சாவுதான். 1930களோட ஆரம்பத்துல அவர் மூக்குக் குழாயை தண்ணி பாட்டில்களோட சேத்து, தண்ணி எறங்குற இழுவையிலயே வயித்துல இருக்குற காத்தையும் தண்ணியையும் தொடர்ந்து உறிஞ்சுற மாதிரி பண்ணாரு. மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாம டியூப் போட்டு தண்ணித் தொட்டியைக் காலி பண்றோமே, அதே தத்துவம். வீங்குன குடல் வடிஞ்சதும், சில பேருக்கு ஆபரேஷனே தேவைப்படலை. தேவைப்பட்டவங்களும் ஆபரேஷனைத் தாங்குனாங்க. அடைப்புல சாவுறவங்க எண்ணிக்கை அப்படியே எறங்குச்சு.

செஞ்சி அம்மா ஒரு நாள் எளநீ கேட்டாங்க. பெரியம்மா பயந்துட்டு நர்சைப் பாத்தாங்க. "குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா" ன்னாங்க. அந்தம்மா குடிச்சாங்க. கொஞ்ச நேரத்துல பைல எளநீ. "குடிச்சா பைக்குப் போவுது. போவட்டுமே, நாக்கு நனையுதுல்ல" ன்னாங்க.

இதைப் பெரியம்மா வந்து பெரியப்பாகிட்ட சொன்னதுதான் தப்பாப் போச்சு. அதுலேர்ந்து அவருக்கு நாக்கு நமநமன்னு ஆயிடுச்சு.



"வயிறு ரொம்புது. ஆனா சாப்ட மாதிரி இல்லடா" ம்பாரு.

இது பெரியப்பாவோட அடம் இல்ல. நியூயார்க்ல டாம்னு ஒருத்தர் இருந்தாரு. 1895ல ஒம்போது வயசுப் பையனா இருந்தப்ப கொதிக்கக் கொதிக்க சூப்பைக் குடிச்சு உணவுக்குழாய் வெந்து மூடிக்கிச்சு. வயித்துல ஓட்டை போட்டாங்க. ஆயுசு பூரா அதுலதான் சாப்பாடு. 1940கள்ல உல்ஃப், வுல்ஃப்னு ரெண்டு டாக்டருங்க (ஸ்டூவர்ட், ஹெரால்டுன்னு சொன்னா கொழப்பம் இருக்காது) அவரை ஆஸ்பத்திரில வேலைக்கே வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. கோவம் வந்தா அவர் இரைப்பை செவக்கும், பயந்தா வெளுக்கும்னு கண்ணால பாத்து எழுதுனாங்க. அந்த டாம் என்ன பண்ணுவாராம் தெரியுமா? சாப்பாட்டை வாயில போட்டு நல்லா மென்னு, ருசி பாத்து, அப்புறம் அதைத் துப்பி புனல் வழியா வயித்துக்குள்ள விடுவாராம். நேரா வயித்துல விட்டா திருப்தி இல்லைன்னு.

நான் இதையெல்லாம் படிச்சது பின்னாடிதான். ஆனா பெரியம்மாவுக்கு யாரும் சொல்லித் தரலை. ஒரு நாள் வீட்ல நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வெச்சு, ஒரு கரண்டி அவர் வாயில வெச்சாங்க. "முழுங்காத. ருசி பாத்துட்டுத் துப்பு" ன்னு கிண்ணத்தை நீட்டுனாங்க. பெரியப்பா கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் வாயிலயே வெச்சிருந்தாரு. துப்பிட்டு, "உப்பு கம்மி" ன்னாரு. வீடே சிரிச்சுது. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட பயந்துகிட்டே சொன்னேன். "முழுங்கி பொரையேறாம பாத்துக்குங்க, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்க. ருசி பாக்கட்டும்" ன்னாங்க.

நாங்க பண்ண தப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். வடிகட்டாத கஞ்சியை ஊத்தி குழாயை அடைச்சு, ஒரு தடவை முண்டியம்பாக்கத்துக்கு ஆட்டோ புடிச்சு ஓடுனோம். இன்னொரு தடவை படுக்க வெச்சபடியே நான் ஊத்திட்டேன். எதிர்த்துக்கிட்டு இருமல் வந்து அரை மணி நேரம் மூச்சு வாங்குனாரு. தலைப்பக்கம் ஒசத்தி வெச்சுத்தான் குடுக்கணும், குடுத்து முடிச்சும் ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்கணும், முன்னாடியும் பின்னாடியும் நல்ல தண்ணி விட்டுக் குழாயைக் கழுவணும்னு படிச்சுப் படிச்சு சொல்லித்தான் அனுப்புனாங்க. அவசரம், அலட்சியம், ரெண்டும் என்னோடது.



கேன்சருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. முத்துலட்சுமி ரெட்டியோட தங்கச்சி 1923ல கேன்சர்ல செத்துப் போனாங்க. அந்த வேதனைல ஆரம்பிச்சு அந்தம்மா முப்பது வருஷம் போராடி, 1954ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையோட தொறந்துச்சு. மறு வருஷம் அங்க வேலைக்குச் சேந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரி 19ல சாகுற வரைக்கும் அங்கயேதான். அண்ணாவுக்கும் உணவுக்குழாய்லதான் கேன்சர். 1968ல நியூயார்க் போயி ஆபரேஷன் பண்ணிட்டு வந்தாரு. 1969 பிப்ரவரி 3ல அடையாறுலதான் உயிர் போச்சு. முதலமைச்சருக்கே அவ்ளோதான்னா நமக்கென்னன்னு பெரியப்பா அடிக்கடி சொல்லுவாரு. அவர் பழைய திமுக :-)

இந்தக் குழாய்க்கு ஒரு இருட்டு மொகமும் உண்டு. லாகூர் ஜெயில்ல பகத் சிங்கோட உண்ணாவிரதம் இருந்த ஜதின் தாஸுக்கு வலுக்கட்டாயமா மூக்குல குழாய் விட்டு பால் ஊத்தப் பாத்தாங்க. அது நுரையீரலுக்குப் போயிடுச்சு. 63 நாள் உண்ணாவிரதத்துக்கு அப்புறம் 1929 செப்டம்பர் 13ல செத்துப் போனாரு. மணிப்பூர் இரோம் சர்மிளாவுக்கு 2000த்துலேர்ந்து 2016 ஆகஸ்ட் வரைக்கும் மூக்குக் குழாய்தான் சோறு. ஒரே குழாய். கேக்குறவனுக்குப் போட்டா வைத்தியம், வேணாங்கிறவனுக்குப் போட்டா தண்டனை. சுயநினைவோட மறுக்குற கைதிக்கு டாக்டருங்க வலுக்கட்டாயமா ஊட்டக் கூடாதுன்னு 1975ல டோக்கியோவுல உலக மருத்துவ சங்கம் தீர்மானமே போட்டுச்சு. 2018 மார்ச் 9ல நம்ம உச்ச நீதிமன்றமும், இனி பொழைக்க வழியில்லாத நெலமைல எந்த வைத்தியம் வேணும், எது வேணாம்னு முன்கூட்டியே எழுதி வெக்க ஒருத்தருக்கு உரிமை உண்டுன்னு சொல்லிடுச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க வீட்லயும் அந்தக் கேள்வி வந்துச்சு.

அஞ்சாவது மாசம். பெரியப்பா பாதி நேரம் தூக்கம். 200 மில்லி ஊத்துனா வயிறு உப்பிக்குது, நெஞ்சுல களகளன்னு சத்தம். வீட்டுக்கு வந்து பாத்த நர்சம்மா, "இனிமே அளவைக் குறைச்சுடுங்க. உடம்பு ஏத்துக்கலை. வாயை ஈரமா வெச்சிருங்க போதும்" ன்னாங்க. பெரியம்மா ஒத்துக்கலை. "பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றியா?" ன்னு அவங்களையே கேட்டுட்டாங்க.

நர்சம்மா கோவப்படலை. பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. "அம்மா, சாப்பிடாததால அவர் போவலை. அவர் போறதாலதான் சாப்பாடு வேணாங்குது."

இதைவிடத் தெளிவா எந்தப் புத்தகத்துலயும் நான் படிக்கலை. கடைசி நாட்கள்ல உடம்புக்குப் பசியே இருக்காது. அப்ப ஊத்துற கஞ்சி பலமா மாறாது, சளியாவும் வாந்தியாவும் மூச்சுத் திணறலாவும்தான் திரும்பி வரும். ஆனா நம்ம ஊர்ல அன்புன்னா சோறுதான். வந்தவங்களை "சாப்ட்டியா" ன்னுதான் கேப்போம். ஊத்தாம இருக்குறது எவ்ளோ கஷ்டம்னு பெரியம்மா கையைப் பாத்தவங்களுக்குத் தெரியும். டம்ளர் அந்தக் கையில நடுங்கிட்டே இருந்துச்சு. கடைசில கீழ வெச்சாங்க. பஞ்சை நனைச்சு உதட்டுல தடவுனாங்க.

மூணாம் நாள் விடியக்காத்தால பெரியப்பா போயிட்டாரு. அமைதியா. களகளப்பு இல்லாம.

ரைல் டாக்டரோட மீதிக் கதையைச் சொல்லலையே. 1935ல கேம்பிரிட்ஜ்ல பெரிய பேராசிரியர் பதவி. 1943ல அதை விட்டுட்டு ஆக்ஸ்ஃபோர்டு போயி, பிரிட்டன்லயே மொத சமூக மருத்துவப் பேராசிரியர் ஆயிட்டாரு. வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாத்த மனுஷன், இந்த ஆளுக்கு ஏன் இந்த நோய் வந்துச்சு, இவன் என்ன வேலை செய்யறான், என்ன திங்கறான், எந்த வீட்ல இருக்கான்னு பாக்கப் போனாரு. 1950ல செத்துப் போனாரு. ஆலை வாசல்ல ராத்திரி பூரா பொயிலை மென்னுக்கிட்டு லைன்ல நின்ன பெரியப்பாவை அவர் பாத்திருந்தா, குழாயைப் பத்திப் பேசியிருக்க மாட்டாருன்னு தோணுது.

2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுல 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சப்ப, வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு தர்றதும் அதுல ஒண்ணுன்னு கேட்டு சந்தோஷமா இருந்துச்சு. எங்களுக்கு வந்த மாதிரி ஒரு நர்சம்மா எல்லா வீட்டுக்கும் வரணும்.

பதினாறாம் நாள் படையல். எலை போட்டாச்சு. வடை, பாயசம், எல்லாம் வெச்சாச்சு. பெரியம்மா உள்ள போயி ஒரு கிண்ணம் எடுத்துட்டு வந்தாங்க. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. காரியத்துல கவுச்சி வெக்கலாமான்னு ஒரு பெரிசு மொனகுச்சு. பெரியம்மா காதுல வாங்கலை. எலைல ஊத்திட்டுச் சொன்னாங்க.

"உப்பு சரியாப் போட்டிருக்கேன். இப்ப முழுங்கிக்குவாரு."

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. படிச்சதையும் பட்டதையும் எழுதியிருக்கேன். உங்க வீட்ல குழாய் வெச்சவங்க இருந்தா, அளவு, நேரம் எல்லாம் உங்க டாக்டர், நர்ஸ் சொல்றதுதான். குழாய் வெளிய வந்துட்டா நீங்களா உள்ள தள்ளாதீங்க, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களுக்கும் இப்படி ஒரு பெரியப்பா இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. படிப்பேன்.